1024-க்குக் கீழே யாருக்குக் காவல்?

லினக்ஸில் முதல்முறையா ஒரு வெப் சர்வரை ஓட்டிப் பார்க்கிற எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். 8080-ல் ஒழுங்காக ஓடும். 80 என்று மாற்றினால் நின்றுவிடும். பிழை எண் 13, 'பர்மிஷன் டினைட்'. இணையத்தில் தேடினால் கிடைக்கிற முதல் பதில், 'சூடோ போட்டு ஓட்டு'. போட்டால் ஓடும். அதோடு எல்லாரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த முதல் பதிலோடுதான் எனக்குச் சண்டை. 0 முதல் 1023 வரையுள்ள போர்ட்களைப் பிடிக்க ரூட் அதிகாரம் வேண்டும் என்பது யூனிக்ஸ் குடும்பத்தின் பழைய விதி. பாதுகாப்புக்காக வைத்தது என்பார்கள். யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விதி எதற்காக வந்ததோ அந்தக் காரணம் செத்து ரொம்ப நாளாச்சு. ஒருத்தர் மட்டும் வைத்திருக்கிற கணினிகளில் இன்றைக்கு அது செய்கிற காரியம் ஒன்றே ஒன்று: ஒரேயொரு எண் தேவைப்படுகிற நிரலுக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுக்க வைக்கிறது. பாதுகாப்பு விதி என்று பெயர் வைத்துக்கொண்டு பாதுகாப்பைக் குறைக்கிற விதி. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. விதிக்கு இன்னும் உயிர் இருக்கிற இடங்களும் உண்டு, அதற்கும் வருகிறேன்.

(போர்ட்டைத் தமிழில் 'துறை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் 'துறையில் அனுமதி மறுக்கப்பட்டது' என்று எழுதினால் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வருகிறது. போர்ட் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

கதை 1983-ல் ஆரம்பிக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து அந்த ஆண்டு ஆகஸ்டில் 4.2 பிஎஸ்டி வெளிவந்தது. யூனிக்ஸ் உலகம் பரவலாக டிசிபி/ஐபி பேசத் தொடங்கியது அதிலிருந்துதான். அதோடு ஆர்லாகின், ஆர்எஸ்ஹெச், ஆர்சிபி என்று 'ஆர்' போட்ட சில கருவிகளும் வந்தன. பாஸ்வேர்ட் கேட்காமலே ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குள் போகலாம். எதை நம்பி உள்ளே விடுவது? இரண்டு நிபந்தனை. கூப்பிடுகிற மெஷினின் பெயர், நம்பகமான மெஷின்களின் பட்டியல் கோப்பில் இருக்க வேண்டும். இணைப்பு கிளம்பிய போர்ட் எண் 1024-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் நம்ம விதியின் பிறப்பிடம். கவனிச்சுப் பாருங்க, இங்கே பேச்சு சர்வர் உட்கார்ந்து கேட்கிற போர்ட்டைப் பற்றி இல்லை, கிளையன்ட் கிளம்பி வருகிற போர்ட்டைப் பற்றி. அந்தப் பக்கம் ரூட் மட்டும்தான் சின்ன எண்ணைப் பிடிக்க முடியும் என்றால், சின்ன எண்ணிலிருந்து 'நான் இன்ன பயனர்' என்று ஒரு நிரல் சொல்லும்போது, அது அந்த மெஷினின் நிர்வாகி நிறுவிய நிரல், ஒரு மாணவர் ராத்திரி உட்கார்ந்து எழுதிய போலி இல்லை என்று நம்பலாம். அதாவது போர்ட் எண் ஒரு அரசு முத்திரை மாதிரி வேலை செய்தது.

அப்போதைய யூனிக்ஸ் மெஷினை நினைத்துப் பார்த்தால் இது முட்டாள்தனம் இல்லை. ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வேக்ஸ், அதில் ஐம்பது பேர் டெர்மினல் போட்டு வேலை, ரூட் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம். அந்த இரண்டு பேரும் பக்கத்துக் கட்டிடத்தின் இரண்டு பேருக்குத் தெரிந்தவர்கள். முத்திரை யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

பிறகு டாஸ் ஓடுகிற பிசி ஒன்று அதே கேபிளில் செருகப்பட்டது. அதில் ரூட்டும் இல்லை, பயனரும் இல்லை. எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் பாக்கெட் அனுப்பலாம். முத்திரையைச் செதுக்க ஆசாரி தேவையில்லை என்று ஆகிவிட்டது. 1985-ல் பெல் லேப்ஸின் ஒரு தொழில்நுட்ப அறிக்கை, டிசிபி வரிசை எண்ணை ஊகித்து, நம்பகமான மெஷின் மாதிரியே நடித்து ஆர்எஸ்ஹெச்சை ஏமாற்றலாம் என்று காட்டியது. எழுதியவர் ராபர்ட் டி. மாரிஸ். மூன்று வருஷம் கழித்து, 1988 நவம்பரில், இணையத்தையே தடுமாற வைத்த புழுவை எழுதியதும் அதே மாரிஸ்தான். அந்தப் புழு மெஷினுக்கு மெஷின் தாவப் பயன்படுத்திய வழிகளில் ஆர்எஸ்ஹெச் நம்பிக்கையும் ஒன்று. கடைசியில் 1995-ல் ஹெல்சிங்கியில் டாட்டு இலோனன், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்ட்களைத் திருடிய பிறகு, எஸ்எஸ்ஹெச் எழுதினார். எண்ணை நம்பாதே, சாவியைச் சரிபார். ஆர்-கருவிகளின் காலம் அதோடு முடிந்தது.

விதி மட்டும் முடியவில்லை.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தெரிகிற ஒரு விஷயம் உண்டு. ஆர்லாகினும் ஆர்சிபியும் சின்ன எண்ணிலிருந்து கிளம்ப வேண்டும், அதை ஓட்டுகிறவரோ சாதாரணப் பயனர். அதனால் அந்த நிரல்களையே செட்-யுஐடி ரூட்டாக வைக்க வேண்டியிருந்தது. யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடும். நிர்வாகிக்கு மட்டும் என்று ஒரு வேலி போட்டு, வேலியைத் தாண்டுவதற்காகவே நிர்வாகி அதிகாரத்தை ஊர் முழுக்க விநியோகித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து 'சூடோ போடு' என்கிற அறிவுரையும் இதே கூத்தின் அடுத்த காட்சிதான்.

முதல் காரணம் போனபின் விதிக்கு இரண்டாவது காரணம் ஒன்று சொன்னார்கள். பல பேர் பகிர்கிற மெஷினில் டெல்நெட் சர்வர் கிராஷ் ஆகிறது என்று வையுங்கள். அந்த நிமிடத்தில் ஒரு விஷமக்காரர் 23-ஐப் பிடித்து, அசல் மாதிரியே 'லாகின்:' என்று காட்டி எல்லாருடைய பாஸ்வேர்டையும் வாங்கிவிடலாம். விதி இருந்தால் முடியாது. இது நியாயமான வாதம். ஆனால் அதே நியாயத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 3306-ல் இருக்கு. போஸ்ட்கிரெஸ் 5432-ல் இருக்கு. ரெடிஸ் 6379-ல் இருக்கு. ஒரு நிறுவனத்தின் மொத்தச் சொத்தும் இந்த எண்களுக்குப் பின்னால்தான். இவற்றில் எதையும் எந்தப் பயனரும் பிடிக்கலாம். யாரும் பதறவில்லை. 80-க்குக் காவல், 5432-க்குக் கிடையாது என்றால், காவல் எண்ணுக்குத்தான், பொருளுக்கு இல்லை.

இனி நம்ம ஊர் கதை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிய அந்தப் பெட்டிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ், சென்னை சிடாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. இப்போது அந்த மடிக்கணினியைத் திறந்து விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். அதில் சின்ன எண்ணுக்கென்று தனி விதி கிடையாது, எந்தப் பயனரின் நிரலும் 80-ல் உட்காரலாம். ஃபயர்வால் மட்டும் ஒரு கேள்வி கேட்கும். அணைத்துவிட்டு பாஸைத் தேர்ந்தெடுங்கள். அதே பெட்டி, அதே பிள்ளை, அதே வைஃபை. பிழை எண் 13. சின்ன எண்ணுக்குக் காவல் இல்லாததால் மட்டும் விண்டோஸ் பாதி அழிந்துபோனதாக நான் கேள்விப்படவில்லை. அதை அழிக்க வேறு ஆயிரம் வழி இருந்தது, அது தனிக்கதை.

அந்த மடிக்கணினியில் ஐம்பது பேர் டெர்மினல் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை, மிஞ்சினால் அவள் தம்பி. யாரிடமிருந்து யாரைக் காக்கிறது இந்த விதி? அந்தப் பிள்ளை பைத்தானில் எழுதிய முதல் சர்வரை முகவரியில் எண் இல்லாமல் திறக்க ஆசைப்பட்டால், அவளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், 'எதுவும் ஓடலேன்னா சூடோ போடு.' இதைவிடக் கெட்ட முதல் பாடத்தை யோசிக்க முடியவில்லை. ஆப்பிளுக்கு இது புரிந்தது போலிருக்கு. 2018-ல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவியில், எல்லா முகவரியிலும் கேட்கிற நிரலுக்கு இந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு முகவரியை மட்டும் பிடிக்கப் போனால் பழைய விதி இன்னும் பிடித்துக்கொள்ளும், அது ஏன் என்று கேட்காதீர்கள்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது நாயுடுபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு டியூஷன் சென்டர். கொடைக்கானலில் மழைக்காலம் வந்தால் கரண்டும் நெட்டும் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சீசனில் டவர் முழுக்க டூரிஸ்ட் கூட்டம், வீடியோ கால் இருக்கட்டும், ஒரு பக்கம் திறப்பதே பெரும்பாடு. அதனால் அங்கே ஒரு ராஸ்பெர்ரி பை வைத்து, கீவிக்ஸ் மூலமாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் பிள்ளைகளுக்கு உள்ளூர் வைஃபையில் கொடுக்கிறார்கள். நெட் இல்லாமலே ஓடும். நல்ல ஏற்பாடு.

கீவிக்ஸ்-சர்வ் தானாக எடுத்துக்கொள்கிற போர்ட் 80. பையில் ஓடுவது டெபியன் வழி வந்த லினக்ஸ். விளைவு தெரிந்ததே. வேறு எண் கொடுக்கலாம், ஆனால் பிள்ளைகள் போனில் முகவரி அடிக்கும்போது முக்காற்புள்ளி எந்தக் கீபோர்டில் ஒளிந்திருக்கிறது என்று தேடியே பாதி நேரம் போகும். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப்போடுகிற முகவரி சின்னதாக இருக்க வேண்டும் என்பது அற்பக் காரணம் இல்லை. அதனால் அதை அமைத்துக் கொடுத்த கல்லூரித் தம்பி, பை ஆன் ஆனதும் கீவிக்ஸ் ரூட்டாகவே ஓடும்படி வைத்துவிட்டார். "அண்ணே, ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

அப்புறம் என்ன என்றால், அதே பையில்தான் டியூஷன் ஆசிரியை பிள்ளைகளின் மதிப்பெண், ஃபீஸ் கணக்கு, பெற்றோர் போன் நம்பர் எல்லாம் வைத்திருக்கிறார். கீவிக்ஸ்-சர்வ் சி++-ல் எழுதிய நிரல். வைஃபைக்குள் இருக்கிற யார் எதை அனுப்பினாலும் அதை வாங்கிப் பிரித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. அதில் ஓட்டை இருக்கு என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு ஒன்று தெரியவந்தால், சாதாரணப் பயனராக ஓடுகிற கீவிக்ஸிடம் திருடக் கிடைப்பது எல்லாரும் படிக்கிற விக்கிப்பீடியா. ரூட்டாக ஓடுகிற கீவிக்ஸிடம் கிடைப்பது மொத்தப் பெட்டி. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது 80 என்கிற ஒரு எண்.

அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் இதே 80-ல்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். அவை ரூட்டாகத் தொடங்கி, போர்ட்டைப் பிடித்ததும், வேலை செய்கிற பிராசஸ்களைச் சாதாரணப் பயனராக மாற்றிவிடுகின்றன. சரியான முறைதான். ஆனால் அதைப் பிழையில்லாமல் எழுத அனுபவம் வேண்டும். சின்ன நிரல் எழுதுகிற எல்லாரும் அதை எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஒரு விதி, நல்ல விதி இல்லை.

சூடோ வேண்டாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிற மாற்றுவழிகளையும் கொஞ்சம் உரசிப் பார்க்கணும். அதிகம் கேள்விப்படுவது செட்கேப். ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் 'சின்ன போர்ட் பிடிக்கலாம்' என்கிற துண்டை மட்டும் ஒரு நிரல் கோப்பின்மேல் ஒட்டுவது. துண்டுகள் லினக்ஸ் 2.2-லேயே, 1999-ல், வந்தன. கோப்பில் ஒட்டும் வசதி 2008-ல் வந்த 2.6.24-ல். தனி நிரலாக இருந்தால் சுமாரான வழி. ஆனால் பையில் ஓடுவது பைத்தான் ஸ்கிரிப்ட் என்றால் எதன்மேல் ஒட்டுவீர்கள்? பைத்தான்மேலேயே ஒட்டு என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒட்டினால் அந்த மெஷினில் யார் எழுதிய எந்தப் பைத்தான் ஸ்கிரிப்ட்டும் எந்தச் சின்ன போர்ட்டையும் பிடிக்கும். விதியை எடுத்தாயிற்று, ஆனால் எடுத்தது யாருக்கும் தெரியாது. அடுத்த அப்டேட்டில் பைத்தான் கோப்பு மாறும்போது ஒட்டியதும் போய்விடும், ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வர் ஏன் எழவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஐபிடேபிள்ஸ். 80-க்கு வருவதைக் கெர்னலே 8080-க்குத் திருப்பிவிடும், நிரல் 8080-ல் சாதாரணப் பயனராக ஓடும். கேட்க அழகாக இருக்கு. நிர்வாகிகளுக்கு இதில் ஒரு திருப்தி, விதியை மீறவில்லை என்று. உண்மையில் விதியின் உயிரை எடுத்துவிட்டு உடலை மட்டும் வைத்திருக்கிறார்கள். 8080-ஐ யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமே! சர்வர் கிராஷ் ஆன நிமிடத்தில் வேறொரு பயனர் 8080-ல் உட்கார்ந்தால், 80-க்கு வருகிற எல்லாரையும் கெர்னலே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் விடும். டெல்நெட் காலத்து பயம் அப்படியே திரும்பி வந்தாச்சு. முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்து உள்ளே 127.0.0.1-ன் 8080-க்கு அனுப்புகிற வழக்கத்துக்கும் இதே ஓட்டை உண்டு. பல பேர் பகிர்கிற மெஷினில் அதைச் செய்வதானால் நடுவில் யூனிக்ஸ் சாக்கெட் வைக்கணும். அது ஒரு கோப்பு, சொந்தக்காரர் உண்டு, அனுமதி உண்டு.

இந்த இடத்தில்தான் விதியின் அடிப்படைக் குறை தெரிகிறது. 'எல்லாமே கோப்பு' என்று பெருமை பேசுகிற யூனிக்ஸில் போர்ட் மட்டும் கோப்பு இல்லை. கோப்பாக இருந்திருந்தால், 80-க்குச் சொந்தக்காரர் இன்னார் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். 5432-க்கும் அதே வரி. 1024 என்று நடுவில் ஒரு கோடு கிழிக்கத் தேவையே வந்திருக்காது. இயன் ஜாக்சன் டெபியனுக்கு எழுதிய ஆத்பைண்ட் இதைத்தான் வெளியிலிருந்து செய்து பார்த்தது. ஒரு டைரக்டரியில் 80 என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு. அதன்மேல் யாருக்கு எக்ஸிக்யூட் அனுமதி இருக்கிறதோ அவர் 80-ஐப் பிடிக்கலாம். யோசனை அருமை. ஆனால் லைப்ரரி அழைப்புகளை இடைமறித்து வேலை செய்வதால், கோ மொழியில் எழுதிய ஸ்டாட்டிக் நிரல்களிடம் அது செல்லாது. ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னல் மாட்யூலாகவே மேக்-போர்ட்ஏசிஎல் இருக்கு, இந்தப் பயனர், டிசிபி, 80 என்று விதி எழுதலாம். லினக்ஸின் மைய வழியில் இன்றுவரை அந்த 'யார்' இல்லை.

லினக்ஸ் கொடுத்தது வேறு. 2017-ல் வந்த 4.11 கெர்னலில் ஒரு சிஸ்கண்ட்ரோல் அமைப்பு சேர்ந்தது. சாதாரணப் பயனர் எந்த எண்ணிலிருந்து பிடிக்கலாம் என்று கோட்டையே நகர்த்தலாம். இயல்பு 1024. அதை 80 என்று மாற்றினால் 80-லிருந்து மேலே எல்லாருக்கும் திறப்பு. எஸ்எஸ்ஹெச்சின் 22, மெயிலின் 25, டிஎன்எஸ்ஸின் 53 மூன்றும் கோட்டுக்குக் கீழேயே பத்திரமாக இருக்கும். வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிற போர்ட்டை யாரும் பிடுங்க முடியாது, காலியாக இருந்தால்தான் பிடிக்கலாம். டாக்கர் 2020 டிசம்பரில் வந்த 20.10 பதிப்பிலிருந்து கன்டெய்னர்களுக்குள் இந்தக் கோட்டை நேராக 0-க்கே கொண்டுபோய்விட்டது. உலகத்தின் எத்தனையோ வெப் சர்வர்கள் இன்றைக்கு விதியே இல்லாத அறைக்குள்தான் ஓடுகின்றன. ஆனால் வெறும் லினக்ஸை நிறுவினால் இன்னும் 1024 என்றுதான் வருகிறது.

டியூஷன் சென்டர் பையில் என்ன செய்தோம் என்றால், முதலில் கோட்டை நகர்த்தவில்லை, சிஸ்டம்டியின் வழியில் போனோம். சர்வீஸ் கோப்பில் கீவிக்ஸுக்கென்று தனிப் பயனர் ஒருவரை வைத்து, ஆம்பியன்ட் கேப்பபிலிட்டி என்கிற வரியில் சின்ன போர்ட் பிடிக்கிற துண்டு அதிகாரத்தை மட்டும் கொடுத்தோம். அதிகாரம் கோப்பின்மேல் ஒட்டவில்லை, அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான். அப்டேட் வந்தாலும் போகாது. கெர்னலில் 2015-லிருந்தே இருக்கிற வசதி. அந்தத் துண்டும் 80-க்கு மட்டும் இல்லை, 1024-க்குக் கீழே எல்லாவற்றுக்கும் செல்லும் என்பது குறை. புது சிஸ்டம்டியில் இந்த சர்வீஸ் டிசிபி 80 தவிர எதையும் பிடிக்கக்கூடாது என்று இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். சேர்த்தோம். பத்து நிமிட வேலை. தம்பி பார்த்துவிட்டுச் சொன்னது, "இது எங்கயும் முதல் பதிலா வரலையே அண்ணே." அவர் சொன்னது சரி. மொத்தக் குற்றச்சாட்டும் அந்த ஒரு வரியில் இருக்கு.

பிறகு அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் சொந்தமாக பைத்தான் எழுதத் தொடங்கியதும், அவர்கள் விளையாடுவதற்கென்று வாங்கிய இன்னொரு பையில் கோட்டையே 80-க்கு இறக்கிவிட்டோம். அதில் கணக்கும் இல்லை, போன் நம்பரும் இல்லை. சர்வீஸ் கோப்பு எழுதச் சொல்லி அவர்களை விரட்டுவதைவிட, சூடோ என்ற வார்த்தையே தெரியாமல் ஒரு மாதம் ஓட்டட்டும் என்று நினைத்தேன்.

அப்படியானால் எல்லா இடத்திலும் இறக்கிவிடலாமா? கூடாது, காரணம் இருக்கு.

ஒரு கல்லூரியின் பொதுச் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு மாணவர்களுக்கு லாகின், அதே மெஷினுக்குக் கல்லூரியின் டொமைன் பெயர். லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரி சான்றிதழ் கொடுக்கிறவர்கள் 'இந்த டொமைன் உன்னுடையதா?' என்று எப்படிச் சரிபார்க்கிறார்கள்? பரவலான முறையில், அந்தப் பெயருக்குரிய மெஷினின் 80-க்கு வந்து, சொன்ன கோப்பு அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இன்னொரு முறை 443-ல் நடக்கும். 8080-க்கு வந்து பார்க்கவே மாட்டார்கள். பிரவுசர்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த மன்றத்தின் விதிகளில் இதற்கு அனுமதித்த போர்ட்கள் நான்கே நான்கு: 22, 25, 80, 443. நான்கும் 1024-க்குக் கீழே. சின்ன எண்ணைப் பிடித்திருப்பவர் நிர்வாகியாகத்தான் இருப்பார் என்கிற அதே 1983 நம்பிக்கை, இணையத்தின் சான்றிதழ் முறைக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. அந்தச் சர்வரில் கோட்டை 80-க்கு இறக்கினால், 80 காலியாக இருக்கிற ஒரு நிமிடத்தில் ஒரு மாணவர் கல்லூரி டொமைனுக்கே தன் பெயரில் சான்றிதழ் வாங்கிவிடலாம். வாங்கியபின் கோட்டை மேலே ஏற்றிப் பயனில்லை. அங்கே விதியைத் தொடாதீர்கள். முன்னே சொன்ன ஐபிடேபிள்ஸ் திருப்பலும் அதே காரணத்துக்காக அங்கே இருக்கக்கூடாது, ஏனென்றால் திருப்பிவிட்ட 8080-ஐப் பிடிப்பவருக்கும் அதே சான்றிதழ் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் என்எஃப்எஸ். கல்லூரி லேபில் மாணவர்களின் ஹோம் டைரக்டரியை நெட்வொர்க்கில் பகிர்கிற பழைய ஏற்பாடு. லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரின் பகிர்வுக் கோப்பில் 'செக்யூர்' என்று ஒரு விருப்பம் இயல்பாகவே ஆன் ஆகி இருக்கும். கிளையன்ட் 1024-க்குக் கீழிருந்து கிளம்பி வரணும், அவ்வளவுதான் அதன் அர்த்தம். மேக்கிலிருந்து மவுன்ட் பண்ணப் போனால் இதில்தான் முதலில் முட்டும். லேப் நெட்வொர்க்கில் தன் லேப்டாப்பைச் செருகுகிற எந்த மாணவரும் அந்த லேப்டாப்புக்கு ரூட்தான். அவருக்குச் சின்ன எண் கிடைப்பதில் என்ன கஷ்டம்? கெர்பராஸ் போடாமல், ஐபி முகவரி வரம்பை மட்டும் எழுதிவிட்டு, 'செக்யூர்' ஆன் ஆகியிருக்கு என்று நிம்மதியாக இருக்கிற லேப்கள் இருந்தால், அவர்கள் நிம்மதிக்கு அடிப்படை டாஸ் பிசி வந்த அன்றைக்கே போய்விட்டது. அங்கே மாற்ற வேண்டியது கோடு இல்லை, பகிர்வுக் கோப்பில் அந்த டைரக்டரிக்கான வரி. 'செக்' என்ற விருப்பத்தில் கெர்பராஸைக் கேட்டு எழுதுங்கள், பிறகு 'செக்யூர்' இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.